கோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு

ஹென்ரைகோ, செஸ்டர்ஃபீல்டு கவுண்டிகளில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அனைவருக்கும்,

2025 ஜனவரியில் பனி கொட்டிய அந்த வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரிச்மண்ட் நகரக் குடிநீர் நிலையத்தில் மின்சாரம் போய், நிலையமே நின்றது. நகரத்தில் பல வீடுகளில் குழாய் வறண்டது. அதோடு விடவில்லை. ஹென்ரைகோவிலும் ஹானோவரிலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்பு வந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் அன்று ஒருவர் கேட்டார்: "நாமதான் ரிச்மண்ட் சிட்டியிலேயே இல்லையே, நமக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?"

ஹென்ரைகோவின் ஒரு பகுதிக்கு ரிச்மண்ட் நிலையத்திலிருந்துதான் தண்ணீர் போகிறது என்று பதில் போட்டேன். குழு அடுத்த செய்திக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி உள்ளேயே கிடந்தது. "நாம் சிட்டியில் இல்லை" என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோமே, அதை முடிவு செய்தது யார், எப்போது, எதற்காக? உங்களில் பலரும் வீடு வாங்கும்போது பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்தீர்கள், சொத்து வரியைப் பார்த்தீர்கள், அலுவலகத்துக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்தீர்கள். நானும் வீடு தேடிய நாட்களில் அவற்றைத்தான் பார்த்தேன். எல்லைக்கோட்டின் கதையை யாரும் நமக்குச் சொல்லவில்லை. ஜேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே, நகர எல்லைக்குள் இருந்துகொண்டு அதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மதுரை மாநகராட்சி எவ்வளவு வளர்ந்தாலும் மதுரை மாவட்டத்துக்குள்தான் இருக்கும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் அப்படித்தான். நகரம் கவுண்டிக்குள் அடங்கியது. வர்ஜீனியாவில் அப்படி இல்லை. இங்கே சிட்டி என்றால் எந்தக் கவுண்டியிலும் சேராத தனி ஆட்சி. நாடு முழுவதும் இப்படித் தனித்து நிற்கும் நகரங்கள் 41. அவற்றில் 38 வர்ஜீனியாவில் இருக்கின்றன. மீதி மூன்று பால்டிமோர், செயின்ட் லூயிஸ், கார்சன் சிட்டி.

இதன் விளைவு பெரிது. வேறொரு மாநிலத்தில் நகரம் பக்கத்து நிலத்தை இணைத்துக்கொண்டால், அந்த நிலம் கவுண்டிக்கும் வரி கட்டும், நகரத்துக்கும் கட்டும். வர்ஜீனியாவில் நகரம் ஒரு பகுதியை எடுத்தால் கவுண்டியின் கையிலிருந்து அது முழுதாகப் போய்விடும். வீடுகள், கடைகள், பள்ளிக்கூடங்கள், வரி எல்லாமே போகும். பங்காளிகள் நிலத்துக்கு அடித்துக்கொள்வதைப் போல நகரமும் கவுண்டியும் இங்கே பல பத்தாண்டுகளாக நீதிமன்றப் படியேறியதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

ஊரில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அரசாணை வரும், பஞ்சாயத்து மாநகராட்சியோடு சேர்ந்துவிடும். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக அப்படித்தான் விரிந்தது. இணைப்புப் பேச்சு வந்தாலே கிராமத்தார் "நூறு நாள் வேலை போயிடும், வீட்டு வரி ஏறும்" என்று கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கலெக்டரிடம் மனுவோடு நிற்பார்கள். அமெரிக்காவிலும் கடைசி அதிகாரம் மாநிலத்திடம்தான். அலெகெனி என்ற நகரத்தைப் பிட்ஸ்பர்க் விழுங்கியபோது அலெகெனி வாக்காளர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். இரண்டு ஊர் வாக்கையும் ஒன்றாகக் கூட்டி எண்ணியதால் அவர்கள் குரல் அமுங்கியது. 1907-ல் உச்ச நீதிமன்றம், ஊர்களின் எல்லையை மாநிலம் தன் விருப்பப்படி மாற்றலாம் என்று சொல்லிவிட்டது.

வர்ஜீனியா சட்டமன்றம் அந்த அதிகாரத்தை 1904-லேயே நீதிமன்றத்தின் கையில் கொடுத்திருந்தது. நிலம் வேண்டும் என்கிற நகரம் கவுண்டியின் மீது வழக்குப் போடும். பிற்காலத்தில் இதை விசாரிக்க மூன்று நீதிபதிகள் கொண்ட தனி மன்றம் வந்தது. இணைப்பு தேவையா, பொருத்தமானதா என்று அவர்கள் பார்ப்பார்கள். கொடுக்கலாம் என்று முடிவானால், கவுண்டி அங்கே கட்டிய பள்ளிக்கும் குழாய்க்கும் நகரம் எவ்வளவு தர வேண்டும், கவுண்டியின் கடனில் எந்தப் பங்கை ஏற்க வேண்டும் என்று தொகை குறிப்பார்கள். அங்கே குடியிருக்கும் மக்களிடம் வாக்கெடுப்பு கிடையாது.

அந்தச் சட்டம் கவுண்டிகளைப் படுத்திய பாட்டையும் சொல்ல வேண்டும். நார்ஃபோக் நகரம் தங்களைத் துண்டு துண்டாக எடுத்துவிடும் என்று பயந்து, 1963-ல் பிரின்சஸ் ஆன் கவுண்டி வர்ஜீனியா பீச்சோடு சேர்ந்து ஒரே சிட்டியானது. நார்ஃபோக் கவுண்டி சவுத் நார்ஃபோக்கோடு சேர்ந்து செசபீக் சிட்டியானது. இரண்டு கவுண்டிகள் வரைபடத்திலிருந்தே மறைந்தன. சிட்டியாகிவிட்டால் இன்னொரு சிட்டி தொட முடியாது என்பதுதான் கணக்கு. அந்தப் பக்கம் கடற்கரைக்குப் போகும்போது, வயலும் காடுமாக இருக்கும் இடத்தில்கூட "சிட்டி" என்று பலகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தப் பயத்தின் மிச்சம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

1961 டிசம்பரில் ரிச்மண்டும் ஹென்ரைகோவும் ஒன்றாகிவிடலாமா என்று இரு பக்கமும் வாக்கெடுப்பு நடந்தது. ரிச்மண்ட் சரி என்றது. ஹென்ரைகோ மறுத்தது. ரிச்மண்ட் ஹென்ரைகோ மீது இணைப்பு வழக்குத் தொடர்ந்தது. ஓரளவு நிலம் தர நீதிமன்றம் சம்மதித்தபோது, அதற்குக் கேட்ட தொகையைப் பார்த்து நகரமே வேண்டாம் என்றது. பிறகு அதன் பார்வை தெற்கே, செஸ்டர்ஃபீல்டு பக்கம் திரும்பியது.

அந்த ஆண்டுகளில் ரிச்மண்டில் கறுப்பின மக்களின் பங்கு ஏறிக்கொண்டிருந்தது. வெள்ளையர் குடும்பங்கள் கவுண்டிகளுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. இன்னும் ஒரு தேர்தல், இரண்டு தேர்தல் போனால் நகர மன்றம் கறுப்பினத்தார் கைக்கு வந்துவிடும் என்று மன்றத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. மேயர் ஃபில் பாக்லியும் செஸ்டர்ஃபீல்டு வாரியத்தின் தலைவர் இர்வின் ஹார்னரும் தனியாகப் பேசி ஒரு கோட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். நீதிமன்றம் அதை ஏற்றது. 1969 டிசம்பர் 31 இரவு செஸ்டர்ஃபீல்டில் படுத்த 47,262 பேர் மறுநாள் காலை ரிச்மண்டில் கண் விழித்தார்கள். நிலம் 23 சதுர மைல்.

அந்த 47,262 பேரில் கறுப்பினத்தார் 1,557 பேர் மட்டும். இணைப்புக்கு முன் நகரத்தின் மக்கள்தொகை 202,359. அதில் 52 விழுக்காடு கறுப்பினத்தார். இணைப்புக்குப் பின் அது 42 விழுக்காடானது. ஒருவரும் வீடு மாறவில்லை, ஒருவரும் இறக்கவில்லை. பெரும்பான்மை ஒரே இரவில் சிறுபான்மையானது.

இதை எதிர்த்து 1971-ல் வழக்குப் போட்டவர் கர்டிஸ் ஹோல்ட். கிரைட்டன் கோர்ட் என்ற பொதுக் குடியிருப்பில் வாழ்ந்த ஏழை. பெரிய இயக்கத்தின் தலைவர் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. வாக்குரிமைச் சட்டம் வந்து ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது. கோட்டை மாற்றுவதும் வாக்கை மாற்றுவதே என்பது அவர் வாதம். எல்லையை வளைத்து வாக்கைப் பறிக்கும் வித்தை தெற்கு மாநிலங்களுக்குப் புதிதும் இல்லை. அலபாமாவில் டஸ்கீகி நகரத்திலிருந்து கறுப்பின வாக்காளர்களை வெளியே தள்ளுவதற்காகச் சதுரமாக இருந்த அதன் எல்லையை மாநிலச் சட்டமன்றம் 28 பக்கம் கொண்ட உருவமாக வெட்டியதை உச்ச நீதிமன்றம் 1960-ல் கண்டித்திருந்தது. டஸ்கீகியில் ஆட்களை வெளியே தள்ளினார்கள். ரிச்மண்டில் ஆட்களை உள்ளே இழுத்தார்கள்.

வழக்கு முடியும்வரை ரிச்மண்டில் நகர மன்றத் தேர்தலே நடக்கவில்லை. 1970-ல் தேர்வான மன்றம் 1977 வரை நாற்காலியில் இருந்தது. 1975-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: வாக்கைக் குறைக்கும் நோக்கத்தோடு செய்த இணைப்பு செல்லாது, ஆனால் இணைத்த நிலத்தை வைத்துக்கொள்ள நியாயமான வேறு காரணம் இருந்து, கறுப்பினத்தாரின் பலம் சரியாகத் தெரியும்படி வார்டுகள் பிரிக்கப்பட்டால் இணைப்பு நிற்கலாம். ஒன்பது வார்டுகள் பிரிந்தன. 1977 தேர்தலில் ஐந்து இடங்களில் கறுப்பின உறுப்பினர்கள் வென்றார்கள். ஹென்றி மார்ஷ் ரிச்மண்டின் முதல் கறுப்பின மேயரானார். இந்த ஊரில் எனக்குப் பிடித்த வரலாறு இதுதான். சிலை வைக்கும் அளவு செய்தவர் ஹோல்ட் என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

அதே காலத்தில் இன்னொரு வழக்கும் ஓடியது. ரிச்மண்ட் பள்ளிகளில் இனப் பிரிவினையை உடைக்க வேண்டுமானால் நகரப் பள்ளிகளையும் ஹென்ரைகோ, செஸ்டர்ஃபீல்டு பள்ளிகளையும் ஒரே அமைப்பாக்க வேண்டும் என்று நீதிபதி ராபர்ட் மெரிஜ் 1972 ஜனவரியில் உத்தரவிட்டார். சில மாதங்களிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1973-ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலாகப் பிரிந்தது. முன்பு ரிச்மண்ட் பள்ளி வாரியத்தில் இருந்ததால் நீதிபதி பவல் விலகியிருந்தார். சமநிலை என்றால் கீழ்த் தீர்ப்பே நிற்கும். பள்ளிகள் பிரிந்தே இருந்தன. நம் பிள்ளைகளுக்காக நாம் தேடித் தேடிப் பார்க்கும் "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்" என்ற எல்லை அன்று ஒரே ஒரு வாக்கு குறைந்ததால் நின்ற எல்லை. அதற்கு வெளியே யார் தங்கிப்போனார்கள் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பிறகுதான் சட்டமன்றம் கதவைச் சாத்தத் தொடங்கியது. 1979-ல் வந்த சட்டத்தின்படி மக்கள்தொகையும் நெருக்கமும் போதுமான அளவு உள்ள கவுண்டி, எந்த நகரமும் தன்னைத் தொடக்கூடாது என்று நிரந்தர விலக்கு கேட்கலாம். ஹென்ரைகோவும் செஸ்டர்ஃபீல்டும் அதை வாங்கிக்கொண்டன. 1987-லிருந்து மாநிலம் முழுவதும் நகரங்கள் இணைப்பு வழக்குப் போடவே தடை. தற்காலிகம் என்று சொன்ன தடை, காலக்கெடு நெருங்கும்போதெல்லாம் நீட்டப்பட்டது. நாற்பது ஆண்டை நெருங்கிவிட்டது.

தடை வந்தது தவறு என்று சொல்ல மாட்டேன். 1970-ஐப் படித்த ஒருவர் பழைய முறை திரும்பட்டும் என்று கேட்க முடியாது. கேட்காமலே மக்களை இழுத்துக்கொண்ட முறை அது. இழுக்கப்பட்டவர்களுக்கும் அதனால் பெரிதாக நன்மை வந்துவிடவில்லை. 1970-ல் சேர்ந்த தென்பகுதியில் பல தெருக்களில் இன்றும் நடைபாதை கிடையாது, மழைநீர் திறந்த பள்ளத்தில்தான் ஓடுகிறது. வந்த வெள்ளையர் குடும்பங்களில் பல மறுபடி கவுண்டிக்கே போய்விட்டன. இன்று அங்கே வாழ்பவர்களில் கறுப்பினத்தாரும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் அதிகம். டெக்சாசும் 2019-ல், மக்கள் ஒப்புதல் இல்லாமல் நகரங்கள் நிலம் சேர்க்க முடியாது என்று சட்டம் செய்தது. சம்மதம் கேட்பது சரியான திசை.

ஆனால் பிழை எங்கே நடந்தது தெரியுமா? கதவைச் சாத்தியவர்கள் வீட்டுச் சுமையை யாரிடம் விட்டோம் என்று கணக்குப் பார்க்கவில்லை. நகரம் சுமார் 60 சதுர மைலோடு நின்றுவிட்டது. அந்த 60-க்குள்தான் மாநிலத் தலைமைச் செயலகம், அரசுப் பல்கலைக்கழகம், பெரிய மருத்துவமனை. மாநிலச் சொத்துக்குச் சொத்து வரி கிடையாது. வட்டாரத்தின் பொதுக் குடியிருப்புகள் பெரும்பாலும் அதற்குள்தான். புதுக் கடைத்தெருவும் புது அலுவலகமும் புது வீடும் ஹென்ரைகோவின் ஷார்ட் பம்ப் பக்கம் போயின. விளைவு நம் வரி ரசீதில் இருக்கிறது. ரிச்மண்டில் வீட்டின் மதிப்பில் நூறு டாலருக்கு 1 டாலர் 20 சென்ட் என்று பல ஆண்டுகளாக வசூலிக்கிறார்கள். ஹென்ரைகோவிலும் செஸ்டர்ஃபீல்டிலும் அது ஒரு டாலரைத் தொடுவதில்லை. ஏழை அதிகம் உள்ள பக்கம் வரி விகிதம் கூடுதல், வசதி அதிகம் உள்ள பக்கம் குறைவு.

சிறிய நகரங்கள் இன்னும் நொந்துபோயின. சவுத் பாஸ்டன் 1995-லும், கிளிஃப்டன் ஃபோர்ஜ் 2001-லும், பெட்ஃபோர்டு 2013-லும் சிட்டி என்ற தகுதியையே விட்டுவிட்டு டவுனாக இறங்கிக் கவுண்டிக்குள் போய்விட்டன.

"நகர நிர்வாகம் சரியில்லை, அதற்கு நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025-ல் தண்ணீர் நின்றது தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று என்று மாநில சுகாதாரத் துறையே சொன்னது. நகரத்துக்குள் இருக்கும் நானும் அதற்காக மன்றத்தைக் கேள்வி கேட்பவன்தான். ஆனால் நிர்வாகம் கெட்டால் அதைத் திருத்த வாக்கு இருக்கிறது. வரி அடித்தளமே சுருங்கினால் எந்த நல்ல நிர்வாகமும் பழைய குழாயை மாற்ற முடியாது. அந்தக் குழாயில் உங்களில் பலர் வீட்டுத் தண்ணீரும் வருகிறது.

பகிர்ந்துகொள்வதற்கு வழி இல்லாமலும் இல்லை. மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில் சார்லட்ஸ்வில் இருக்கிறது. அங்கே 1982-ல் நகரம் "இணைப்பு வழக்கைக் கைவிடுகிறேன்" என்றது. சுற்றியுள்ள ஆல்பமார்ல் கவுண்டி "ஆண்டுதோறும் வருவாயில் பங்கு தருகிறேன்" என்றது. மக்கள்தொகையையும் வரிச் சுமையையும் வைத்து ஒரு கணக்கு. கவுண்டி தருவது அதன் மொத்த நில, வீட்டு மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு. கவுண்டி மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டது அது. ஐந்தே ஆண்டில் மாநிலத் தடை வந்துவிட்டதால், தேவையில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்று ஆல்பமார்லில் இன்றும் முணுமுணுப்பவர்கள் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பணத்தில் ஒரு சிறு நகரம் கீழே விழாமல் நிற்கிறது, ஆல்பமார்லும் ஏழையாகிவிடவில்லை.

நம் வட்டாரத்திலேயே ஒரு தொடக்கம் இருக்கிறது. 2020-ல் ரிச்மண்டையும் சுற்றியுள்ள கவுண்டிகளையும் சேர்த்து ஒன்பது ஊராட்சிகளுக்குப் பொதுவாக மத்திய வர்ஜீனியா போக்குவரத்து ஆணையம் வந்தது. கடையில் நீங்கள் கட்டும் விற்பனை வரியில் கூடுதலாக 0.7 விழுக்காடு அதற்குப் போகிறது. அதில் பாதி அந்தந்த ஊருக்கே திரும்புகிறது, 35 விழுக்காடு வட்டாரச் சாலைகளுக்கு, 15 விழுக்காடு பேருந்துக்கு. எந்தக் கோடும் நகரவில்லை, யாருடைய வாக்கும் குறையவில்லை. பிராட் தெருவில் ஓடும் பேருந்தில் ஏறி, நகரத்திலிருந்து வேலைக்கு வரும் பெண் ஷார்ட் பம்ப் கடையில் இறங்குகிறார். நாம் அந்தக் கடையில்தான் சாமான் வாங்குகிறோம்.

சாலைக்கும் பேருந்துக்கும் முடிந்தது தண்ணீருக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் குறைந்த வாடகை வீட்டுக்கும் முடியும். இதற்குச் சட்டமன்றம் மனம் வைக்க வேண்டும். அது தானாக வைக்காது. தடையை நீட்டுவது கவுண்டிப் பிரதிநிதிகளுக்கு எளிதான வேலை. கவுண்டியில் இருக்கும் ஒரு வாக்காளரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை என்பதுதான் அவர்கள் தைரியம்.

நீங்கள்தான் அந்த வாக்காளர்கள். கிளென் ஆலன் கோவிலுக்கு வரும் குடும்பங்களில் குடியுரிமை பெற்றவர்கள் இன்று எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். இருபது ஆண்டுக்கு முன் வேலை விசாவில் வந்து வாடகைக்கு இருந்தபோது நாம் ஒதுங்கி இருந்தது சரி. இன்று வீடு நம்முடையது, வாக்கு நம்முடையது. 2027-ல் ஹென்ரைகோ, செஸ்டர்ஃபீல்டு மேற்பார்வை வாரியங்களுக்குத் தேர்தல். வேட்பாளர்கள் பொங்கல் விழாவுக்கும் தீபாவளிக்கும் வந்து மேடையில் வணக்கம் சொல்வார்கள். வரும்போது வரியைக் குறைப்பீர்களா என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். ரிச்மண்டோடு சேர்ந்து வட்டாரக் குடிநீர் ஆணையம் அமைக்க ஆதரவு தருவீர்களா என்று கேளுங்கள். வளர்ச்சியில் வரும் புது வரியில் ஒரு சிறு பங்கை வட்டார நிதிக்கு ஒதுக்குவீர்களா என்று கேளுங்கள். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: அடுத்த முறை தடையை நீட்டினால், அதோடு வருவாய்ப் பகிர்வையும் சேர்த்து எழுதுங்கள் என்று.

கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். எந்தச் சனிக்கிழமையும் வருகிறேன்.

அன்புடன்,
ஜேம்ஸ் ஆற்றின் தென்கரையிலிருந்து உங்களில் ஒருவன்